பல்லுக்கு எவ்வளவு? – நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

பல் செலவைப் பற்றி மலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தருகிறோம். மருந்து, சிகிச்சை பற்றிய குறிப்புகள் பொதுவானவை. உங்கள் வாயைப் பார்த்த பல் மருத்துவர் வேறு சொன்னால் அவர் சொல்வதே சரி.

கேள்வி: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. பல் கட்ட அதில் பணம் கிடைக்குமா?
– வாசகி, அரவேணு

பதில்: கிடைக்காது. விபத்தில் தாடை எலும்பு முறிவு, வாய்ப்புற்று என்று மருத்துவமனையில் படுத்துப் பார்க்கும் சிகிச்சைகளுக்குத்தான் அந்த அட்டை. சொத்தை அடைப்பது, ரூட் கேனால் (பல்லுக்குள் இருக்கும் கெட்ட சதையை வேர்வரை எடுத்து அடைப்பது), கேப் (பல்லின் மேல் மாட்டும் உறை), பல் செட் எதுவும் அதில் வராது. தனியார் பாலிசிகளிலும் பெரும்பாலும் இதே கதைதான். வீட்டில் யாருக்காவது சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். பிடித்தால் அவருக்கும் அவரைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் ஈ.எஸ்.ஐ. மருந்தகம் வழியாகப் பல் சிகிச்சை உண்டு. பலர் மாதாமாதம் பணம் போவதோடு சரி, அட்டையை எடுத்துப் பார்ப்பதே இல்லை.

கேள்வி: கீழ்க் கடைவாய்ப் பல்லில் பெரிய சொத்தை. சூடாக டீ குடித்தால் அரை மணி நேரம் வலி நிற்பதில்லை. ரூட் கேனாலும் கேப்பும் சேர்த்து 9,500 ரூபாய் என்கிறார்கள். ‘பிடுங்கிப் போடு, 500 ரூபாயில் முடியும்’ என்கிறார் அண்ணன். எது லாபம்?
– தேயிலைத் தொழிற்சாலை ஊழியர், குன்னூர்

பதில்: எந்தப் பல் என்பதைப் பொறுத்தது. அது கடைசியில் இருக்கும் ஞானப் பல் என்றால் அண்ணன் சொல்வதே சரி. அரசு மருத்துவமனையில் அந்த 500 ரூபாயும் ஆகாது. ஆனால் மெல்லுவதற்கு முக்கியமான முதல் கடைவாய்ப் பல் என்றால் கணக்கு 500 ரூபாயில் முடியாது. இடம் காலியானதும் பின்பல் முன்னால் சாயும், மேற்பல் கீழே இறங்கும். இது மாதக் கணக்கில், வருடக் கணக்கில் மெதுவாக நடப்பதால் யாரும் கவனிப்பதில்லை. பிறகு அங்கே நிலையாகப் பல் கட்ட வேண்டுமென்றால், இரண்டு பக்கத்து நல்ல பற்களையும் செதுக்கி மூன்று கேப்பாகப் போட வேண்டியிருக்கும். ஒரு கேப்புக்குத் தயங்கியவர் மூன்றுக்குக் கொடுப்பார்.

சூடுபட்டு வலி நீடித்து நிற்கிறது என்கிறீர்கள். பல்லின் உள்ளே இருக்கும் நரம்பு, ரத்தக்குழாய்ப் பகுதி மீள முடியாதபடி வீங்கிவிட்டதற்கு அது அடையாளம். வெறும் அடைப்பு இனி உதவாது. (குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுள்ளென்று வந்து சில நொடிகளில் போய்விடும் வலிக்குப் பெரும்பாலும் அடைப்பே போதும். செலவில் அது இதில் ஒரு சிறு பங்கு. அந்தக் கட்டத்தில் போகாமல் விட்டதுதான் இந்த 9,500.) நடுவில் இன்னொரு வழியும் உண்டு. பல்லின் மேற்பகுதியில் உள்ள கெட்ட சதையை மட்டும் எடுத்துவிட்டு, வேரில் உள்ளதை அப்படியே விட்டு மருந்து வைத்து மூடுவார்கள். பல்போட்டமி என்று பெயர். சதையில் ரத்த ஓட்டம் நல்லபடியாக இருந்தால் பெரியவர்களுக்கும் இப்போது செய்கிறார்கள். ‘என் பல்லுக்கு அது ஒத்துவருமா?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த 9,500. மொத்தத் தொகையாகச் சொன்னால் தலையாட்டாமல், ஒரு தாளில் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எக்ஸ்ரே சேர்ந்ததா? தொடங்கும்போது, வேரின் நீளம் அளக்கும்போது, முடிந்த பிறகு என்று குறைந்தது மூன்று எடுப்பார்கள். எத்தனை முறை வர வேண்டும்? கடைவாய்ப் பல்லில் மூன்று அல்லது நான்கு வேர்க்குழாய்கள் இருக்கும், முன்பல்லில் பெரும்பாலும் ஒன்றுதான். அதனால்தான் கடைவாய்க்கு விலை கூடுகிறது. குழாய்களை அடைத்த பிறகு பல்லை மேலே கட்டியெழுப்பும் அடைப்பு இந்தத் தொகைக்குள்ளா, தனியா? ஒரு வருடத்துக்குள் மறுபடி வலி வந்தால் யார் செலவு? கடைசியாக, கேப் எந்த வகை?

பில்லைக் கணிசமாக இறக்கும் இடம் இந்தக் கேப்தான். ஜிர்கோனியா (பல் நிறத்தில் இருக்கும் கெட்டியான பீங்கான் வகை), உலோகத்தின் மேல் பீங்கான் பூசியது, முழு உலோகம் என்று மூன்று வகை சொல்வார்கள். பின்னால் இருக்கும் கடைவாய்ப் பல்லுக்கு முழு உலோகக் கேப் மட்டமான பொருள் அல்ல. அதை மெல்லியதாக வார்க்கலாம் என்பதால் பல்லை அதிகம் செதுக்க வேண்டாம், பீங்கான்போல் சில்லு தெறிக்காது, விலையும் மூன்றில் குறைவு. சிரித்தால் தெரியாத இடத்தில் வெள்ளை நிறத்துக்குப் பணம் கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் முடிவு. கவரிங் தோடு போட்டால் காது புண்ணாகிறவர்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது நிக்கல் ஒவ்வாமையாக இருக்கலாம், நிக்கல் இல்லாத உலோகக் கலவையில் வார்க்கச் சொல்லலாம்.

இன்னொன்றும் கேளுங்கள்: ‘ரப்பர் டேம் போட்டுச் செய்வீர்களா?’ பல்லைச் சுற்றி மாட்டும் மெல்லிய ரப்பர் தாள் அது. எச்சில் உள்ளே போகாமல் தடுக்கும். எச்சில் புகுந்த ரூட் கேனால் சில வருடங்களில் மறுபடி சீழ் பிடிக்கும். அப்போது பழைய அடைப்பைத் தோண்டி எடுத்துத் திரும்பச் செய்ய வேண்டும், முதல் தடவையைவிடச் செலவும் அதிகம். பில்லில் ஜி.எஸ்.டி. என்று ஒரு வரி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். நோய்க்கான சிகிச்சைக்கு வரிவிலக்கு உண்டு. அழகுக்காகச் செய்வதற்குத்தான் வரி.

மொத்தப் பணமும் கையில் இல்லையென்றால் ரூட் கேனாலை இப்போது முடித்து, கேப்பை அடுத்த மாதச் சம்பளத்தில் போடலாம். அதற்கு மேல் தள்ளாதீர்கள். கேப் இல்லாத கடைவாய்ப் பல் ஒரு கடியில் நெடுக்காகப் பிளந்துவிடும், பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை. அதுவரை மறுபக்கம் மெல்லுங்கள். டீயில் நனைத்த வர்க்கி பரவாயில்லை, முறுக்கும் கொட்டைப் பாக்கும் ஆகாது.

எல்லாவற்றிலும் வீண் செலவு பாதியில் விட்ட ரூட் கேனால். வலி போனதும் போவதை நிறுத்திவிடுகிறார்கள். இடையில் வைக்கும் தற்காலிக அடைப்பு சில வாரங்கள்தான் தாங்கும். பிறகு கசிந்து, கட்டிய பணம் எல்லாம் தண்ணீரில் போகும்.

கேள்வி: கோவை பல் மருத்துவக் கல்லூரியில் செலவு குறைவு என்கிறார்கள். படிக்கிற பிள்ளைகள் கையில் பல்லைக் கொடுக்கலாமா? எத்தனை முறை இறங்க வேண்டியிருக்கும்?
– சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம். நேரம் இருந்தால். மாணவர் ஒவ்வொரு கட்டத்தையும் முடித்துப் பேராசிரியரிடம் காட்டி, அவர் சரி என்ற பிறகே அடுத்ததற்குப் போவார். கிளினிக்கில் முக்கால் மணி நேரத்தில் முடிகிற வேலை இங்கே இரண்டு மூன்று மணி நேரம் இழுப்பது அதனால்தான். அவசரத்தில் தவறு நடக்கும் வாய்ப்பு இங்கே குறைவு என்றும் சொல்லலாம்.

கோவையில் ஆவாரம்பாளையம் பக்கம் ஸ்ரீ ராமகிருஷ்ணா பல் மருத்துவக் கல்லூரியும், சூலூர் பக்கம் கண்ணம்பாளையத்தில் ஆர்.வி.எஸ். பல் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. இரண்டும் தனியார். நம் பேருந்துகள் மேட்டுப்பாளையம் சாலை நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து நகரப் பேருந்து.

முதல் நாள் எப்படி நடக்கும் என்று தெரிந்துகொண்டால் ஒரு நடை மிச்சம். சீட்டு போட்டதும் முதலில் வாய் மருத்துவப் பிரிவில் உட்கார வைத்து, வாய் முழுவதையும் பார்த்து, எக்ஸ்ரே எழுதி, எந்தப் பல் எந்தப் பிரிவுக்கு என்று பிரித்து அனுப்புவார்கள். பிடுங்குவது ஒரு பிரிவு, அடைப்பும் ரூட் கேனாலும் இன்னொன்று, செட்டும் கேப்பும் வேறொன்று, ஈறு வேறு, குழந்தைகளுக்குத் தனி. பத்து மணிக்கு மேல் போனால் இந்தப் பிரிக்கும் வேலையிலேயே நாள் முடிந்துவிடும். முதல் பேருந்தில் இறங்குங்கள். ஊட்டியிலோ குன்னூரிலோ ஏற்கெனவே எடுத்த எக்ஸ்ரே, சாப்பிடும் மாத்திரைச் சீட்டு, சர்க்கரை இருந்தால் சமீபத்திய ரத்தப் பரிசோதனை ஆகியவற்றைக் கையோடு கொண்டு போங்கள்.

அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு, நிறையப் பேர் கேட்பதில்லை: ‘நான் மலையிலிருந்து வருகிறேன். முதுநிலை மாணவர் யாராவது ஒரே அமர்வில் முடித்துத் தருவார்களா?’ பட்ட மேற்படிப்பு படிப்பவர்களும் ஏற்கெனவே பல் மருத்துவர்கள்தான், குறிப்பிட்ட வகை சிகிச்சைகளைச் செய்துகாட்ட வேண்டிய கட்டாயமும் அவர்களுக்கு இருக்கிறது. சீழ் வடியாத பல் என்றால் ஒரே அமர்வு பல நேரம் சாத்தியம். இல்லையென்றால் ஒரே நாளில் இரண்டு பிரிவுக்கு நேரம் வாங்குங்கள். காலையில் ரூட் கேனால், மதியம் கிளீனிங். ஒரு நடையில் இரண்டு வேலை.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதற்கு மேல் கோவை. போகவர ஒரு நாள் கூலி போய்விடும். பிடுங்குவதற்கும் சின்ன அடைப்புக்கும் இறங்குவது கட்டுப்படியாகாது, அதை மேலேயே முடியுங்கள். இரண்டு மூன்று ரூட் கேனால், பல கேப், முழுப் பல் செட் போன்ற பெரிய வேலைக்குத்தான் கல்லூரி லாபம். அக்டோபர், நவம்பரில் மண் சரிந்து பாதை அடைபடும் காலத்தில் பல அமர்வு வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். தற்காலிக அடைப்போடு மேலே மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: மலையிலேயே இலவசமாக என்னென்ன செய்வார்கள்?
– வாசகர், ஊட்டி

பதில்: ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை (2025 ஏப்ரலில் புது வளாகம் திறந்தது) முதல் தாலுகா மருத்துவமனைகள் வரை பல் பிரிவு உண்டு. பல் பிடுங்குவது, அடைப்பது, கிளீனிங், சீழுக்கு மருந்து ஆகியவை வழக்கமாக நடப்பவை. ரூட் கேனால் நடக்குமா என்பது அந்த வாரம் பொருள் இருப்பைப் பொறுத்தது. கேப் பெரும்பாலும் வெளியில்தான். எதற்கும் முதல் பரிசோதனையை இங்கே செய்துகொள்ளுங்கள். எந்தப் பல்லுக்கு என்ன வேண்டும் என்று அவர்கள் எழுதிய சீட்டு கையில் இருந்தால், வெளியில் யாரும் நான்கு பல் வேலையை ஏழாக்க முடியாது.

கேள்வி: நாங்கள் கூடலூர். கோவை எங்களுக்கு எட்டாத தூரம்.
– வாசகி, கூடலூர்

பதில்: உங்களுக்குக் கோவை வேண்டாம். நாடுகாணி, வழிக்கடவு, நிலம்பூர் வழியாகக் கோழிக்கோடு போய்விடலாம். அங்கே மருத்துவக் கல்லூரி வளாகத்திலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வேறு மாநிலம் என்பதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள். கட்டணச் சலுகைகள் மட்டும் கேரளக் குடும்ப அட்டைக்கு என்று இருக்கலாம், முதலிலேயே கேட்டுவிடுங்கள். மைசூரு போகிறவர்கள் பந்திப்பூர் பாதை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும் என்பதை நினைவில் வைத்துத் திரும்பும் நேரத்தைப் போடுங்கள்.

கேள்வி: ஏழு வயது மகனுக்குக் கீழே பின்பல் கறுத்திருக்கிறது. விழுகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?
– அம்மா, மஞ்சூர்

பதில்: முதலில் எண்ணிப் பாருங்கள். நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணினால் பால் பல் ஐந்துதான். ஆறாவதாக ஒன்று இருந்தால் அது விழுகிற பல் அல்ல. ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல் அது. எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் பெற்றோர் அதையும் பால் பல் என்றே நினைத்துவிடுகிறார்கள். ஆயுள் முழுக்க வேண்டிய பல், பத்து வயதுக்குள் போய்விடுகிறது.

அது நான்காவது, ஐந்தாவது பல் என்றாலும் பத்து, பதினொரு வயதுவரை இருக்க வேண்டியது. சொத்தை சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற சொட்டு மருந்தைத் தடவிச் சொத்தையை அங்கேயே நிறுத்தலாம். ஊசி இல்லை, டிரில் இல்லை, ஒரு நிமிட வேலை. அந்த இடம் கரேலென்று கறுக்கும், பின்பல்தானே. அந்த மருந்து எல்லா இடத்திலும் இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள்.

அரசுப் பள்ளியில் படிக்கிறான் என்றால் பள்ளிக்கு வரும் சிறார் நலப் பரிசோதனைக் குழுவிடம் பல்லைக் காட்டச் சொல்லி ஆசிரியரிடம் சொல்லுங்கள். 18 வயதுவரை பிள்ளைகளுக்கான அந்தத் திட்டத்தில் பல் கோளாறும் ஒன்று. மேல் மருத்துவமனைக்கு அவர்களே எழுதித் தருவார்கள், சிகிச்சை இலவசம். வீட்டில் ஃபுளோரைடு உள்ள பற்பசை, பட்டாணி அளவு, இரவு படுக்குமுன். துப்பிவிட்டுத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்காமல் விடுவது நல்லது. நாலைந்து தடவை கொப்பளித்தால் பணம் கொடுத்து வாங்கிய ஃபுளோரைடு சாக்கடைக்குப் போகிறது.

கேள்வி: ராத்திரி பல்வலி. எஸ்டேட் லயன் வீடு, காலைவரை பஸ் இல்லை. என்ன செய்வது?
– வாசகர், பந்தலூர்

பதில்: வேறு நோய் இல்லாத பெரியவர் என்றால், சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபென் 400 மில்லிகிராம் ஒன்றும் பாராசிட்டமால் 500 ஒன்றும் சேர்த்து. எட்டு மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. இரண்டும் கலந்த மாத்திரையே கடையில் உண்டு. அதைப் போட்டுவிட்டுத் தனியாகவும் போடாதீர்கள். வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, டெங்கு சந்தேகமான காய்ச்சல் – இதில் ஒன்று இருந்தாலும் ஐபுப்ரோஃபென் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இரண்டிலும் இவை மலிவு. ஒரு அட்டை வீட்டில் இருக்கட்டும்.

தலையணையை உயர்த்திப் படுங்கள், தட்டையாகப் படுத்தால் துடிப்பு கூடும். கிராம்புத் தைலம் பஞ்சில் ஒரு சொட்டு, சொத்தைக் குழிக்குள் மட்டும். ஈறில் பட்டால் வெந்துவிடும். கற்பூரம், மண்ணெண்ணெய், புகையிலை அடக்குவதெல்லாம் ஈறைப் பொசுக்குகிற வேலை. கன்னத்தில் சூடான ஒத்தடமும் வேண்டாம்.

கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவது தெண்டம். வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்வலிக்கு அது வேலை செய்யாது. ஆனால் தாடைக்கு அடியில் வீக்கம் பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டால் காலை பஸ்ஸுக்குக் காத்திருக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். வீக்கம் தொண்டையை அடைத்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. பல் செட் ஆடுகிறது. புதிது போட வேண்டுமா? சந்தையில் உட்கார்ந்து பல் கட்டுகிறவர் உடனே ஒட்டித் தருகிறேன் என்கிறார்.
– மகள், எடப்பள்ளி

பதில்: சந்தைக்காரர் வேண்டவே வேண்டாம். அவர் வைப்பது வாய்க்குள்ளேயே குழைத்து இறுக வைக்கும் பிளாஸ்டிக் மாவு, பக்கத்துப் பல்லோடு கம்பி போட்டு இறுக்கிவிடுவார். கழற்றிக் கழுவ முடியாது. அடியில் ஈறு அழுகி, பிடித்துக்கொண்டிருந்த நல்ல பல்லும் சேர்ந்து வரும். பல் மருத்துவர் என்றால் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். கேட்டால் காட்ட வேண்டியது அவர் கடமை.

செட் உடையாமல், பல் தேயாமல் இருந்தால் புதிது வேண்டாம். பல் போன பிறகு தாடை எலும்பு வருடா வருடம் கொஞ்சம் கரையும், செட் அப்படியே இருக்கும். நடுவில் இடைவெளி விழுந்து ஆடுகிறது. உட்புறம் புதிதாக ஒரு அடுக்கு ஏற்றினால் – ரீலைனிங் என்று கேளுங்கள் – பழைய செட்டே மறுபடி பிடிக்கும். புதுச் செட் விலையில் ஒரு பகுதிதான். புதிதுதான் வேண்டும் என்றால் அளவு இரண்டு முறை, கடி அளவு ஒரு முறை, மெழுகில் வைத்துப் பார்ப்பது ஒரு முறை, மாட்டுவது ஒரு முறை என்று குறைந்தது ஐந்து நடை. கல்லூரியில் கூடுதலாகவும் ஆகலாம். மெழுகில் வைத்துப் பார்க்கும் அன்று நீங்களும் உடன் போங்கள். நிறம், பல் வரிசை, உதடு தூக்கல் எதுவானாலும் செலவில்லாமல் மாற்ற அதுதான் கடைசி வாய்ப்பு. அம்மா வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர் என்றால் அன்றே கன்னத்தின் உட்புறத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாய் திறப்பு குறைவது – இதில் எது இருந்தாலும் செட்டைத் தள்ளி வைத்துவிட்டு முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: பல் பிடுங்கிவிட்டு அன்றே பஸ் ஏறலாமா?
– வாசகர், கோத்தகிரி

பதில்: ஏறலாம். வைத்த பஞ்சை அரை மணி முதல் முக்கால் மணி நேரம் கடித்திருந்து, ரத்தம் நின்றதைப் பார்த்துவிட்டு. கூடுதல் பஞ்சு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். வளைவில் குமட்டுகிறவர்கள் பல் பிடுங்குமுன்பே லேசாகச் சாப்பிட்டு, வாந்தி மாத்திரை போடுவதானால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள். அடிக்கடி துப்பினால் உறைந்த ரத்தக்கட்டி பெயர்ந்துவிடும். அன்றைக்குக் கொதிக்கிற டீ கிடையாது, பீடி கிடையாது. ரத்தக்கட்டி போனால் இரண்டாம் மூன்றாம் நாள் காதுவரை இழுக்கும் வலி வரும். மாத்திரைக்கு அடங்காது, திரும்பப் போய் மருந்து வைத்துத்தான் ஆக வேண்டும். 24 மணி நேரம் கழித்து, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டு மெதுவாகக் கொப்பளிக்கலாம். ரத்த அழுத்த மாத்திரையையும் ஆஸ்பிரினையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்த மாத்திரைகளைச் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொன்னால் போதும்.

கேள்வி: மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும்போது அடைத்த பல் குத்துகிறது. வீடு வந்து சேர்ந்தால் சரியாகிவிடுகிறது. பிரமையா?
– வாசகி, வெலிங்டன்

பதில்: பிரமை இல்லை. மேலே ஏற ஏறக் காற்றழுத்தம் குறையும். அடைப்புக்கு அடியில் காற்று சிக்கியிருந்தாலோ, உள்ளே சதை வீங்கியிருந்தாலோ அந்த மாற்றத்தைப் பல் காட்டிக்கொடுக்கும். மேல் கடைவாய்ப் பற்கள் எல்லாம் ஒன்றாகக் குத்தி, குனிந்தால் கூடுகிறது என்றால் அது பல் இல்லை, சளி கட்டிய சைனஸ். ஒரே ஒரு பல்தான் என்றால் அடைப்பு கசிகிறது என்று எடுத்துக்கொண்டு, நிரந்தர வலியாக மாறுமுன் அரசு மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். எந்த வளைவில் தொடங்கியது என்பதைவிட எந்தப் பல் என்பதை விரலால் தொட்டுக் காட்டத் தெரிந்தால் போதும், பாதி வேலை முடிந்தது.